கல்யாணக் காருக்கு ஊற்றிய ஆயில்

திண்டுக்கல்லில் பழைய வண்டி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம்தான் இன்ஜின் ஆயில் வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் வாங்கவில்லை. நான் வேலை பார்த்த ஆயில் கடை பழனி ரோட்டில் இருந்தது. அவர் கார் நிறுத்தும் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரம். ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் எல்லாம் வந்து, "மதினி, வண்டி காலையில இருமுது, என்ன ஊத்தலாம்?" என்று கேட்டு வாங்கிப் போவார்கள். இவர் மட்டும் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போய் வேறு கடையில் வாங்குவார். பொண்டாட்டி உட்கார்ந்திருக்கும் கடைக்கு வந்து எந்த ஆயில் நல்லது என்று கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

இதெல்லாம் தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லப் போகிறேன். பெருமைப்பட எனக்கு உரிமை இருக்கிறது.

நான் பிளஸ் டூ வரை படித்தவள். முதலாளி என்னைப் பில் போடத்தான் வைத்தார். கூட்டமில்லாத மத்தியான வேளைகளில் படிக்க வேறு எதுவும் இல்லாததால் டின்களின் பின்பக்கத்தைப் படித்தேன். அதைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டது சண்டை போட வந்தவர்களிடம். "நீங்க குடுத்த ஆயில் சரியில்ல" என்று வருகிறவரை நான் சும்மா அனுப்புவதில்லை. உட்கார வைத்து, வண்டிக்கு என்ன வயசு, காலையில் கிளப்பும்போது சத்தமா, ஓடிச் சூடான பிறகு சத்தமா, புகை நீலமா கறுப்பா, ஓடுவது மேடா சமதளமா என்று துளைத்து எடுத்துவிடுவேன். "ஏத்தா, ஆயில் வாங்க வந்தேனா, ஆஸ்பத்திரிக்கு வந்தேனா" என்று கன்னிவாடிக்காரர் ஒருவர் அலுத்துக்கொண்டார். அவருடைய பழைய மோட்டார் சைக்கிளுக்கு நான் சொன்னதை ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த தடவை மருமகனையும் அவன் வண்டியோடு கூட்டிக்கொண்டு வந்தார்.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. டின்னில் இரண்டு எண்கள் இருக்கும், நடுவில் டபிள்யூ என்று ஓர் எழுத்து. முன்னால் இருக்கும் எண் குளிரைப் பற்றியது. அது சின்னதாக இருந்தால் ஆயில் குளிரிலும் இறுகாமல் ஓடும். பின்னால் இருக்கும் எண் சூட்டைப் பற்றியது. அது பெரியதாக இருந்தால் இன்ஜின் கொதிக்கும்போதும் ஆயில் நீர்த்துப் போகாது. புது இன்ஜினுக்குள் இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி மயிரிழைதான், மெல்லிய ஆயிலே போதும். தேய்ந்த இன்ஜினில் இடைவெளி கூடிப்போயிருக்கும். மெல்லிய ஆயில் சூடானதும் அங்கே நிற்காமல் வழிந்துவிடும். இரும்போடு இரும்பு உரசும். இம்புட்டுத்தான்.

ஆனால் எங்கள் ஊர் ஆண்களுக்கு டின்னைப் படிக்கிற பழக்கம் கிடையாது. மூடியைத் திறந்து ஒரு சொட்டைத் தொட்டு, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார்கள். செக்கில் நல்லெண்ணெய் வாங்கும்போது பார்ப்பதைப் போல. விரலில் வழவழவென்று கனமாக நின்றால் நல்ல ஆயில், இல்லையென்றால் கலப்படம். விரலில் இருக்கிற சூடும் இன்ஜினில் இருக்கிற சூடும் ஒன்றா என்று கேட்டால் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அப்படிப் பார்ப்பவர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரர்.

அவரிடம் இருந்தது வெள்ளை அம்பாசிடர். பழைய மாடல், பெட்ரோல் வண்டி. டீசல் கார்கள் வந்து டாக்ஸி ஓட்டம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகும் எங்கள் கார் பிழைத்தது கல்யாணங்களால்தான். பெட்ரோல் இன்ஜின் சத்தமில்லாமல் ஓடும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் மேளத்துக்குப் பின்னால் பூனை மாதிரி வரும். அந்த வண்டியைக் கழுவித் துடைத்து, பூ அலங்காரத்துக்கு விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் நிற்பார் பாருங்கள், அவர்தான் மாப்பிள்ளையோ என்று தோன்றும். சொந்த வண்டிக்காரர் என்பதில் அவருக்கு அத்தனை பெருமை. எனக்கும்தான்.

அந்த வண்டிக்கு இரண்டு கேடு வந்தது. இரண்டும் ஆயிலால் வந்தவை.

என் மூத்தார், அதாவது வீட்டுக்காரருடைய அண்ணன், கன்னிவாடிப் பக்கம் விவசாயம் செய்தார். அவர் தோட்டத்துக் கிணற்றில் கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று ஒரு பழைய டீசல் இன்ஜின் இருந்தது. அதற்காக ஒரு டிரம் ஆயில் வாங்கிப் போட்டிருப்பார். டிரம்மில் ஒரே ஓர் எண் போட்ட கெட்டி ஆயில். நாளெல்லாம் ஒரே வேகத்தில், வெயிலில் நின்ற இடத்தில் ஓடுகிற இன்ஜினுக்கு அது சரி. ஆனால் அந்தப் பக்கத்து வழக்கம் என்னவென்றால், வீட்டுக்கு ஒரு டிரம், அதிலிருந்துதான் எல்லாவற்றுக்கும். கிணற்று இன்ஜினுக்கு, டிராக்டருக்கு, மோட்டார் சைக்கிளுக்கு, விருந்தாளி வந்த வண்டிக்கும்கூட. தேங்காய், முருங்கைக்காயோடு ஒரு கேனில் ஆயிலையும் டிக்கியில் வைத்து அனுப்பினால்தான் அவர்களுக்கு மனசு ஆறும். வண்டி பழசு என்றால் பாசம் இன்னும் கூடும். கெட்டியாக இருக்கட்டும் என்று கியர் பெட்டிக்கு ஊற்றுகிற ஆயிலையும் அதில் ஒரு சொம்பு கலந்துவிடுவார் மூத்தார்.

"இது ஊத்துனா இன்ஜின் சத்தமே கேக்காது, பாருப்பு" என்பார் தம்பியிடம்.

இவரும் அதையே காருக்கு ஊற்றினார். சத்தம் கேட்கவும் இல்லை. திண்டுக்கல் வெயிலில் வண்டி அமைதியாகத்தான் ஓடியது. அந்தத் தை மாதம் கொடைரோட்டில் ரயிலிறங்கிய ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனார். மறுநாள் விடியற்காலை பனியில் வண்டி கிளம்பவில்லை. ஸ்டார்ட்டர் முனகி முனகி பேட்டரியும் செத்துப்போனது. அந்தக் குடும்பம் பஸ் பிடித்துப் போய்விட்டது. இவர் வெயில் ஏறும் வரை காத்திருந்து, ஆட்களை வைத்து இறக்கத்தில் தள்ளவிட்டுக் கிளப்பிக்கொண்டு வந்து சேர்ந்தார். "ஆயில் இறுகியிருக்கும்" என்று நான் சொன்னதற்கு, "ஒனக்கு எல்லாத்துக்கும் ஆயில்தேன்" என்று ஒரு முறைப்பு.

ஆனாலும் உள்ளுக்குள் உறைத்திருக்கிறது. என்னிடம் கேட்டாரா? இல்லை. ஸ்டாண்டில் யாரோ சொன்னார்கள் என்று, அப்போது புதிதாக ரோட்டுக்கு வந்திருந்த சின்னக் கார்களுக்கு ஊற்றுகிற மெல்லிய ஆயிலை வேறு கடையில் வாங்கி ஊற்றிவிட்டார். பத்து டபிள்யூ முப்பது. தண்ணீர் மாதிரி இருக்கும். புது வண்டிக்குத் தங்கம், தேய்ந்த வண்டிக்கு எமன்.

வைகாசியில் ஒரு மாப்பிள்ளை ஊர்வலம். ஊர்வலம் என்பது காருக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை என்று பூ கட்டுகிறவர்களுக்குத் தெரியாது. மேளக்காரர்கள் நாலு வீட்டுக்கு ஒரு தடவை நின்று வாசிப்பார்கள். கார் நகரும், நிற்கும், மறுபடி நகரும். காற்றே உள்ளே போகாது. இன்ஜின் மெதுவாக ஓட ஓட ஆயில் பம்புக்கும் வேகம் இருக்காது. அந்த நேரத்தில் ஆயில் நீர்த்திருந்தால் தீர்ந்தது கதை. பாதித் தெருவில், ஆயில் அழுத்தம் குறைந்தால் டிரைவருக்கு முன்னால் எரிகிற சின்ன ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. உள்ளே இருந்து டக் டக் என்று யாரோ கதவைத் தட்டுவது போன்ற சத்தம். இவர் பயந்துபோய் இன்ஜினை அணைத்துவிட்டார். மாப்பிள்ளை மாலையோடு இறங்கி மீதித் தெருவை நடந்தார்.

மாப்பிள்ளை இறங்கி நடந்த வண்டி. அந்தப் பேச்சு ஊரெல்லாம் பரவிவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் ராசி பார்ப்பவர்கள். அந்த மாப்பிள்ளை இன்றைக்கும் பிள்ளைகுட்டிகளோடு நன்றாகத்தான் இருக்கிறார், வண்டியின் ராசி மட்டும் போய்விட்டது. ஆவணியிலும் யாரும் கூப்பிடவில்லை, ஐப்பசியிலும் கூப்பிடவில்லை. மழைத்தண்ணீர் தெறித்த கறையோடு கார் வாசலில் நின்றது.

மார்கழியில் ஒட்டன்சத்திரத்திலிருந்து காய்கறி மண்டிக்காரர் ஒருவர் காரை விலைக்குக் கேட்டுப் பழைய மோட்டார் சைக்கிளில் வந்தார். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இன்ஜின் போச்சுன்னாலும் பரவால்லைங்க, வேற போட்டுக்கலாமுங்க. பின்சீட்டக் கழட்டிட்டா தக்காளிக் கூடை நல்லாப் புடிக்குமுங்க" என்றார். மரியாதையான மனிதர்தான். ஆனால் அந்தத் தக்காளிக் கூடை என் வயிற்றில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இவர் தை முடிந்ததும் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது, "இனி அடுத்தவன் வண்டிதேன் ஓட்டணும்" என்றார். சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. இன்ஜின் போகவில்லை என்று எனக்குத் தெரியும். தேய்ந்திருந்தது, அவ்வளவுதான். தேய்ந்ததற்கு ஏற்ற ஆயிலை ஊற்றாமல், முதலில் குளிருக்கு ஆகாததை ஊற்றி, அப்புறம் சூட்டுக்கு ஆகாததை ஊற்றி, ஒரு நல்ல வண்டியைத் தக்காளிக் கூடை ஏற்றக் கொடுப்பதா?

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்தாள். அவள் வீட்டுக்காரர் தோல் மண்டியில் வேலை பார்த்தார். என்னைவிடச் சின்னவள், அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். அவளுடைய தம்பிக்குத் தை மாதம் நிக்காஹ். பெண் கொடைக்கானல். முதல் நாள் சாயங்காலம் திண்டுக்கல்லில் மாப்பிள்ளை ஊர்வலம், மறுநாள் மலையில் நிக்காஹ், இரவு அங்கேயே தங்கி, அடுத்த நாள் விடியலில் பொண்ணு மாப்பிள்ளை கிளம்பி வரவேண்டும். "அண்ணன் கார்தான் வேணும்" என்றாள்.

"வேணாம்மா. நடுவுல நின்னுரும். ராசியில்லாத வண்டிங்கிறாங்க" என்றார் இவர்.

"ராசியெல்லாம் நாங்க பாக்குறதில்லண்ணே. நிக்காம ஓடுனாச் சரி."

அவள் போன பிறகு இவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊர்வலத்துக்குக் கெட்டி ஆயில் வேணும். மலைக்கு மெல்லிசு வேணும். நடுவுல நின்னு மாத்திக்கிட்டா இருக்க முடியும்?"

பரவாயில்லையே, விஷயம் அவருக்கும் பிடிபட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "ரெண்டுக்கும் ஆகுற மாதிரி ஒண்ணு இருக்கு. இருபது டபிள்யூ அம்பது. குளிர்ல இருபதா நடந்துக்கும், சூட்டுல அம்பதா நிக்கும்" என்றேன்.

"ஒரே ஆயில் எப்புடிப்புள்ள ரெண்டு மாதிரி இருக்கும்? விரல்ல தொட்டா ஒரு மாதிரிதான இருக்கு?"

விரல், விரல், விரல். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வீம்பு வந்ததோ. மறுநாள் கடையிலிருந்து இரண்டு பாட்டில்களில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வந்தேன். ஒன்றில் மெல்லிய ஆயில், மற்றொன்றில் என்னுடைய இருபது ஐம்பது. மூன்றாவது, டிக்கியில் மிச்சமிருந்த மூத்தாரின் கிணற்று ஆயில் கலவை. இட்லிப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதற்குள் மூன்று டம்ளர்களில் மூன்று ஆயிலையும் இறக்கி வைத்தேன். நன்றாகச் சூடானதும் தாம்பாளத்தைச் சுவரில் சாய்த்து வைத்து, மூன்றிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்து மேலிருந்து ஊற்றினேன். மெல்லிய ஆயில் சர்ரென்று கீழே ஓடிவிட்டது. மூத்தாரின் கலவையும் என்னுடையதும் சேர்ந்தாற்போல் நிதானமாக இறங்கின.

"அதான் சொல்றேனே, அண்ணன் ஆயில் நல்ல ஆயில்தேன்" என்றார்.

"செத்த நேரம் பொறுங்க" என்றேன்.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை. மூன்று டம்ளர்களையும் மூடி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். "தங்கச்சி, இத ஐஸ் பெட்டியில வச்சுட்டு நாளைக்கு எடுத்துக்கிறேன்."

அவள் முகர்ந்து பார்த்தாள். "என்னக்கா இது, கல்யாண வீட்டுல கறி வைக்க எடமில்லன்னு நான் தவிக்கிறேன், நீ கிரீஸ் டப்பாவக் கொண்டு வார?"

"ஒந்தம்பி மாப்பிள்ளையா கார்ல போகணுமா, மலையில காரத் தள்ளணுமா?"

அவள் உடனே கறிச் சட்டியைக் கீழ்த் தட்டுக்கு இறக்கி இடம் கொடுத்தாள்.

மறுநாள் டம்ளர்களைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அதே தாம்பாளத்தில் கவிழ்த்தேன். மெல்லிய ஆயில் உடனே ஓடியது. என்னுடையது சோம்பேறித்தனமாக, ஆனால் நிற்காமல் இறங்கியது. மூத்தாரின் கலவை டம்ளரிலிருந்து வரவே இல்லை. உறைந்த நெய் மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. இவர் டம்ளரை வாங்கித் தட்டினார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த டம்ளர்களை அப்புறம் காப்பிக்கு எடுக்க முடியவில்லை, போனால் போகிறது.

கடைசியில், "நாளைக்கு வரும்போது ஒரு டின் எடுத்துட்டு வா" என்றார்.

என் கழுத்தில் கத்தி வைத்தாலும் அன்றைக்கு நான் சரி என்று சொல்லியிருக்க மாட்டேன். "வேணும்னா கடைக்கு வந்து கேட்டு வாங்குங்க" என்றேன்.

வந்தார். சாயங்காலக் கூட்டத்தில், ஸ்டாண்டு டிரைவர்கள் நாலைந்து பேர் நிற்கும்போதே வந்தார். கல்லாவுக்கு எதிரில் நின்று மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "பழைய அம்பாசிடருக்கு என்ன ஆயில் ஆகும்?" என்று கேட்டார். டிரைவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எல்லாரிடமும் கேட்பது போலவே கேட்டேன். வண்டிக்கு என்ன வயசு? காலையில் சத்தமா, சூடான பிறகு சத்தமா? மேடா, சமதளமா? அவரும் ஒவ்வொன்றுக்கும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார். டின்னோடு ஃபில்டரையும் எடுத்து வைத்து, "பழசு சூடா இருக்கும்போதே முழுசா எறக்கிட்டு இத ஊத்துங்க. எதோடயும் கலக்காதீங்க" என்றேன். "கலக்கல" என்று வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குப் பட்ட சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூடப் பட்டேனா, தெரியாது.

ஊர்வலத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். நான் ஓரமாகப் பெண்களோடு நடந்து வருவேன். ஆயில் விளக்கு எரிந்தால் அவர் வைப்பரை ஒரு தடவை போட வேண்டும். அதைப் பார்த்ததும் நான் பேண்டு வாத்தியக்காரர்களிடம் ஓடி, நிற்காமல் வேகமாக நடக்கச் சொல்ல வேண்டும். வேகம் கூடினால் ஆயில் அழுத்தமும் கூடும்.

தை மாதம்தான் என்றாலும் அன்றைக்கு வெயில் இறங்கவே இல்லை. கார் முழுக்க ரோஜாவும் சம்பங்கியும். பேண்டுக்காரர்கள் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று வாசித்தார்கள், பையன்கள் ஆடினார்கள், கார் ஆமையாக நகர்ந்தது. போன வைகாசியில் கார் நின்றது எவ்வளவு நேரத்தில் என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் தாண்டிவிட்டதா இல்லையா என்றும் தெரியாது. மற்றவர்கள் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். நான் வைப்பரை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பள்ளிவாசல் தெரு திரும்பும்போது வைப்பர் ஆடியது.

எனக்கு உயிர் போய்விட்டது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து முன்னால் ஓடினேன். பேண்டு மாஸ்டரின் கையைப் பிடித்து இழுத்து, "நிக்காதீங்க, நடங்க நடங்க" என்று கத்தினேன். அவர் என்னவோ ஏதோவென்று வாசிப்பை நிறுத்திவிட்டார். ஊர்வலமே நின்றுவிட்டது. அந்த அமைதியில் இவர் தலையைக் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "ஏ புள்ள, ஒண்ணுமில்ல. மாடியில இருந்து பூவ எறியிறாய்ங்க. கண்ணாடி தெரியல, தொடச்சேன்" என்றார்.

காது கொடுத்துக் கேட்டேன். வாத்தியம் நின்ற அந்த அமைதியில் எங்கள் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டக் டக் இல்லை. சீரான, தாழ்ந்த ஓசை. பேண்டு மாஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பார்க்கட்டும். நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டேன். கடைசி வரை மாப்பிள்ளை இறங்கவில்லை. தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

சூட்டில் தேறியாயிற்று. குளிர் மிச்சமிருந்தது. மறுநாள் காலையில் மாப்பிள்ளை காரும், பின்னாலேயே பெண்கள் வேனுமாக வத்தலக்குண்டு வழியாக மலையேறினோம். நிக்காஹ் நன்றாக நடந்தது, பிரியாணியும் நன்றாக இருந்தது. ஆனால் சாயங்காலம் பனி இறங்க இறங்க எனக்குச் சோறும் இறங்கவில்லை. மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டியது. போன வருஷம் இதே பனியில்தானே வண்டி மானத்தை வாங்கியது.

விடியற்காலையில் பெண் வீட்டு வாசலில் எல்லாரும் கூடிவிட்டார்கள். மணப்பெண் அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கார் கண்ணாடிகள் பனியில் வெளுத்திருந்தன. ஊர்வலத்துக்கு அலங்கரித்த பூ எல்லாம் விறைத்துப்போயிருந்தது. பெண்ணின் சொந்தக்காரர் ஒருவர், மலையில் ஜீப் ஓட்டுகிறவர், காரைத் தட்டிக்கொடுத்து, "பழைய பெட்ரோல் வண்டி, இந்தப் பனியில தள்ளாமக் கெளம்புமா? ஆளுகளக் கூப்பிடட்டா?" என்றார். ஏற்கெனவே மூன்று பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு காருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டார்கள்.

இவர் கதவைத் திறந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் கண்ணால் என்னைத் தேடினார். நான் வேனுக்குப் பக்கத்தில் நின்றேன். சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டரை இழுத்தார்.

ஸ்டார்ட்டர் ஒரு முறை இழுத்து முனகியது. அய்யோ என்றிருந்தது. மறு சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. சில விநாடி கடகடத்தது. ஆயில் மேலே ஏறியதும் அடங்கிச் சீரானது. பின்னால் நின்ற மூன்று பேரும் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்கள். ஜீப்காரர், "அட, என்னண்ணே ஊத்திருக்கீங்க?" என்றார்.

இவர் இன்ஜினை ஓடவிட்டுவிட்டு இறங்கினார். அத்தனை பேருக்கு நடுவில் நேராக என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது, பனியால்தான் என்று அவர் அப்புறம் சாதித்தார். காருக்குக் கூட்டிப் போய் முன் கதவைத் திறந்துவிட்டு, "நீ ஏன் வேன்ல வார? வந்து முன்னால உக்காரு" என்றார். தங்கச்சியும் பின்னாலிருந்து என்னைத் தள்ளினாள். பொண்ணும் மாப்பிள்ளையும் பின்சீட்டில், நான் முன்சீட்டில். அப்படித்தான் மலையிறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் அந்தச் சின்ன ஆயில் விளக்கைப் பார்த்தேன். அது எரியவே இல்லை. இதற்குமேல் ஒரு பொம்பளைக்கு என்ன ஊர்வலம் வேண்டும்?

தை முடிந்ததும் சொன்னபடி ஒட்டன்சத்திரத்துக்காரர் வந்தார். அவர் மோட்டார் சைக்கிள் தெருமுனையில் வரும்போதே படபடவென்று கேட்டது. இவர் அப்போது மாசி மாதக் கல்யாணம் ஒன்றுக்காகக் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வண்டி குடுக்கறதா இல்லீங்க" என்றார்.

"ஏனுங்க, இன்ஜின் போச்சுன்னீங்களே?"

"இன்ஜின் போகல. கேக்க வேண்டிய எடத்துல நாந்தேன் கேக்கல" என்று சொல்லி, வாசலில் நின்ற என்னைக் காட்டினார். "இவகிட்டக் கேட்டு ஆயில் மாத்துனேன். மாப்பிள்ள ஊர்வலத்துலயும் ஓடிருச்சு, கொடைக்கானல் பனியிலயும் கெளம்பிருச்சு."

ஒட்டன்சத்திரத்துக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. காரை ஒரு தடவை ஆசையாகப் பார்த்தார். பிறகு தன் மோட்டார் சைக்கிளைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "அப்படீங்களா? என்ற வண்டியும் ரொம்பத் தொல்லை பண்ணுதுங்க. அதுக்கு என்னங்க ஊத்தலாம்?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு அந்த வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். "வண்டிக்கு என்ன வயசுங்க? காலையில கெளப்பும்போது சத்தமா, ஓடிச் சூடானப்புறம் சத்தமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒட்டன்சத்திரத்துக்காரர் பதில் சொல்லி முடித்ததும் இவர் என் பக்கம் திரும்பி, நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்.